இதய மாத்திரைகளைப் புரிந்து எடுத்துக்கொள்வது எப்படி? சேலத்தாருக்கும் ஏற்காட்டு மலையில் வாழ்வோருக்கும் ஒரு வழிகாட்டி

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்றோ, ஸ்டென்ட் பொருத்திக்கொண்டோ, வால்வு மாற்றிக்கொண்டோ வீடு திரும்புபவரின் பையில் ஐந்தாறு வகை மாத்திரைகளாவது இருக்கும். தலைவலி மாத்திரை போட்டால் தலைவலி போய்விடுகிறது. ஆனால் இந்த மாத்திரைகளில் பெரும்பாலானவற்றை விழுங்கினாலும் விழுங்காவிட்டாலும் அன்றைய உடல்நிலையில் எந்த வேறுபாடும் தெரிவதில்லை. அதனால்தான் மூன்றாம் மாதத்திலோ நான்காம் மாதத்திலோ, "நன்றாகத்தானே இருக்கிறேன், இத்தனை மாத்திரை எதற்கு?" என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிடுகிறார்கள். எந்த மாத்திரை என்ன வேலை செய்கிறது, நிறுத்தினால் என்ன நடக்கும் என்று அறிந்தவர்கள் அப்படி எளிதில் நிறுத்துவதில்லை என்பதே என் அனுபவம். ஆகவே இந்த மருந்துகளைப் புதிதாக எடுக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும், அவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். இதில் வரும் அளவுகள் பொதுவாக வழக்கத்தில் உள்ளவை. உங்களுக்குரிய அளவு உங்கள் மருத்துவர் சீட்டில் எழுதியிருப்பது மட்டுமே.

முதல் வேலை: பட்டியல் எழுதுவது

வீடு திரும்பிய அன்றே எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மேசையில் பரப்பி, டிஸ்சார்ஜ் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நோட்டில் பட்டியல் எழுதுங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் மேலோ கீழோ சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். நீங்கள் எழுத வேண்டியது அந்தச் சிறிய எழுத்துப் பெயரையும், எத்தனை மில்லிகிராம் என்பதையும், எதற்காக என்பதையும், எந்த வேளைக்கு என்பதையும்தான். ஆங்கிலம் படிக்க வராதவர்கள் மருந்துக் கடைக்காரரிடமோ, வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடமோ சொல்லித் தமிழில் எழுதிக்கொள்ளலாம்.

இந்தச் சிறு வேலையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவை தனித்தனி அட்டைகளாகக் கிடைத்திருக்கலாம். பிறகு அவர் தனியார் மருத்துவர் ஒருவரிடம் காட்டும்போது, இதே மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்த கூட்டு மாத்திரை எழுதப்படலாம். பெயரும் நிறமும் வேறாக இருப்பதால், இரண்டும் வெவ்வேறு மருந்துகள் என்று எண்ணி இரண்டையும் விழுங்குபவர்கள் உண்டு. விளைவு, இரட்டிப்பு அளவு ஆஸ்பிரினும் வயிற்றில் இரத்தக் கசிவும்.

இதே குழப்பம் இன்னொரு வழியிலும் வரும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டிலேயே மாத்திரை பெற்றுவந்தவர்கள் பலர். மாரடைப்புக்குப் பிறகு மருத்துவமனையில் புதிய அழுத்த மாத்திரைகள் கொடுத்திருப்பார்கள். பழையதும் தொடர வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்பதை டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கேளுங்கள். வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளரிடமும் புதிய சீட்டைக் காட்டுங்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்கள்: ஒரு நாளும் தவறக்கூடாத இரண்டு மாத்திரைகள்

ஆஸ்பிரின் (பெரும்பாலும் 75 மில்லிகிராம்), அதனுடன் குளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம் அல்லது டிகாக்ரெலார் 90 மில்லிகிராம். இவை இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத் தடுக்கின்றன. ஸ்டென்ட் என்பது இரத்தக் குழாய்க்குள் வைக்கப்படும் உலோக வலை. அதன் மேல் குழாயின் உட்தோல் வளர்ந்து மூடும் வரை, இரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். தட்டணுக்கள் அதன் மேல் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அந்தக் காலத்தில் மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் முழுவதும் அடைபட்டு, முதலாவதைவிடப் பெரிய மாரடைப்பு வரலாம். ஆகவே இரண்டையும் சேர்த்துப் பெரும்பாலும் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை எடுக்கச் சொல்கிறார்கள். அதன்பின் ஒன்று மட்டும் தொடரும். எப்போது ஒன்றாகக் குறைப்பது என்பதை ஸ்டென்ட் வைத்த இதய மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். பல் பிடுங்க வேண்டும், கண்புரை அறுவை செய்ய வேண்டும் என்று வேறொரு மருத்துவர் நிறுத்தச் சொன்னாலும், இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தாதீர்கள். டிகாக்ரெலார் காலை, இரவு என இரு வேளை மாத்திரை; ஒரு வேளை போதும் என்று நீங்களே குறைக்கக் கூடாது. இது சிலருக்கு மூச்சுத் திணறுவது போன்ற உணர்வைத் தரும். அப்போதும் செய்ய வேண்டியது மருத்துவரிடம் சொல்வதுதான்.

ஆஸ்பிரினை உணவுக்குப் பின் எடுங்கள். வயிற்றுப் புண் வராமலிருக்க உடன் ஒரு மாத்திரை எழுதியிருப்பார்கள். குளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் நெஞ்செரிச்சலுக்குத் தாங்களாகக் கடையில் ஒமிப்ரசோல் வாங்கக் கூடாது; குளோபிடோக்ரெல் கல்லீரலில் மாற்றமடைந்த பிறகே வேலை செய்கிறது, அந்த மாற்றத்தை ஒமிப்ரசோல் குறைத்துவிடும். பெரும்பாலான மருத்துவர்கள் அதற்குப் பதிலாகப் பான்டோப்ரசோல் எழுதுவது இதனால்தான். மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனால் குடலில் இரத்தம் கசிகிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால், அதை எடுப்பவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கொழுப்பு மாத்திரை, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை

அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் ஆகியவற்றை "கொழுப்பு மாத்திரை" என்கிறோம். இரத்தப் பரிசோதனையில் கொழுப்பு சரியாக வந்ததும் நிறுத்திவிடுபவர்கள் மிகப் பலர். கொழுப்பு சரியாக வந்திருப்பதே அந்த மாத்திரையால்தான். மேலும் இரத்தக் குழாயின் சுவரில் படிந்த கொழுப்பு வெடித்துவிடாமல் உறுதிப்படுத்துவதும் அதன் வேலை. காரணமில்லாத கடும் தசைவலியோ, காப்பி நிறத்தில் சிறுநீரோ வந்தால் மட்டும் உடனே மருத்துவரைப் பாருங்கள். பம்பளிமாஸ் பழம் அட்டோர்வாஸ்டாட்டினின் அளவை இரத்தத்தில் உயர்த்தக்கூடும் என்பதால் அதை அதிகம் உண்ண வேண்டாம். ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சுக்கு இந்தத் தடை இல்லை.

மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், கார்வெடிலால் ஆகியவை இதயத் துடிப்பைத் தணித்து அதன் சுமையைக் குறைப்பவை. இவற்றைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் துள்ளி எழுந்து நெஞ்சுவலி வரலாம்; ஆகவே ஊருக்குப் போகும்போது மறந்துவிடக் கூடாத மாத்திரைகளில் இவையும் அடங்கும். சர்க்கரை நோயாளிகள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சர்க்கரை தாழும்போது வழக்கமாக வரும் படபடப்பை இந்த மாத்திரைகள் மறைத்துவிடும். வியர்ப்பது மட்டுமே அறிகுறியாக எஞ்சலாம். காரணமின்றி வியர்த்தால் சர்க்கரையைச் சோதியுங்கள். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே போய்த் தலைசுற்றினால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். பெயருக்குப் பின்னால் 'எக்ஸ்.எல்.' என்றோ 'இ.ஆர்.' என்றோ இருந்தால் அது மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மாத்திரை. பொடித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது.

வறட்டு இருமலும் அதிமதுரமும்

எனாலபிரில், ராமிபிரில் ஆகியவை அழுத்தத்தைக் குறைப்பதோடு, பலவீனமடைந்த இதயம் மேலும் விரிந்துவிடாமல் காக்கின்றன. இவற்றால் சிலருக்குச் சளியில்லாத வறட்டு இருமல் வரும். அது மாத்திரையால் வருகிறது என்று தெரியாமல், வீட்டில் அதிமதுரக் கஷாயம் வைத்துக் குடிப்பது நம் பக்கத்தில் இயல்பு. அதிமதுரம் தொடர்ந்து உட்கொள்ளப்பட்டால் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைத்துவிடும். உடலில் தேங்கிய நீரை வெளியேற்றும் நீர் மாத்திரையோ, பலவீனமான இதயத்துக்குக் கொடுக்கப்படும் டிகாக்ஸினோ சேர்த்து எடுப்பவருக்குப் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். ஓர் இருமலுக்காகத் தொடங்கிய கைவைத்தியம் இவ்வளவு தூரம் கொண்டுபோய்விடக்கூடும். இருமலைச் சொன்னால் மருத்துவர் டெல்மிசார்டான், லோசார்டான் போன்ற ஒன்றுக்கு மாற்றித் தருவார். இருமல் சில வாரங்களில் அடங்கிவிடும். உதடு, நாக்கு, முகம் வீங்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அது அவசர நிலை.

அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் எடுப்பவர்களுக்குக் கணுக்கால் வீங்குவது உண்டு. அது மருந்தின் விளைவாகவும் இருக்கலாம், இதயம் தளர்ந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதால் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீர் மாத்திரை: காலையில் மாத்திரை, காலையில் எடை

இதயம் பலவீனமானால் நுரையீரலிலும் காலிலும் நீர் தேங்கும். ஃபுரோசமைடு, டோர்செமைடு ஆகியவை அந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. காலையில் எடுப்பது நல்லது; மாலைக்கு மேல் எடுத்தால் இரவெல்லாம் எழுந்துகொண்டிருக்க வேண்டும். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே எடைக் கருவியில் எடை பார்த்து நோட்டில் குறியுங்கள். இரண்டு மூன்று நாட்களில் 2 கிலோ ஏறினால் அது சதை அன்று, நீர். மூச்சு வாங்கத் தொடங்கும் முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அன்றே மருத்துவரைத் தொடர்புகொண்டால் மருத்துவமனையில் படுக்க வேண்டிய நிலையைப் பல நேரம் தவிர்க்கலாம்.

ஐந்து ரோட்டிலிருந்தோ அம்மாபேட்டையிலிருந்தோ கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ பேருந்தில் போகும் நாளில், வழியில் சிறுநீர் கழிக்க இடமிருக்காது என்று நீர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், குறிப்பாகப் பெண்கள். அந்தச் சங்கடம் நியாயமானது. விட்டுவிடுவதற்குப் பதிலாக, ஊர் போய்ச் சேர்ந்தபின் நண்பகலில் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும். அந்த நாட்களிலும், வாந்தி பேதி வந்தாலும், ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மனுக்கு விரதம் இருந்தாலும், உடலில் ஏற்கெனவே நீர் குறைந்திருக்கும். அப்போது நீர் மாத்திரை, ராமிபிரில் வகை மாத்திரை, அண்மைக் காலமாக இதயப் பலவீனத்துக்குக் கொடுக்கப்படும் டபாகிளிஃப்ளோசின் மூன்றும் வழக்கமான அளவில் உள்ளே போனால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அழுத்தம் தாழ்ந்து மயங்கியும் விழலாம். இப்படிப்பட்ட நாட்களுக்கு எதைக் குறைப்பது, எதை நிறுத்திவைப்பது, எப்போது மீண்டும் தொடங்குவது என்று மருத்துவரிடம் முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்பைரோனோலாக்டோன் என்பது வேறு வகை நீர் மாத்திரை. இது பொட்டாசியத்தை உடலில் தேக்கும். ராமிபிரிலும் அதையே செய்யும். இரண்டையும் சேர்த்து எடுப்பவர்கள் தினமும் இளநீர் குடிப்பதையும், 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்கும் உப்பையும் தவிர்க்க வேண்டும். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்க்கப்படுவது பொட்டாசியம் குளோரைடு. இந்துப்பு நல்லது என்ற நம்பிக்கையும் பரவியிருக்கிறது. இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். சாதா உப்பைக் குறைப்பது போலவே அதையும் குறைக்க வேண்டும்.

வால்வு மாற்றியவர்கள்: அசிட்ரோம், வார்ஃபரின்

இந்த ஒரு மருந்தைப் பற்றி மட்டும் தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன். உலோக வால்வில் இரத்தம் உறைந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும். உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுப்பவை அசிட்ரோம் என்ற பெயரில் கிடைக்கும் அசெனோகுமராலும் வார்ஃபரினும். அளவு குறைந்தால் இரத்தம் உறையும், கூடினால் கசியும். இரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய வரம்பில் நிற்க வேண்டும். அதை அளப்பதுதான் ஐ.என்.ஆர். பரிசோதனை. பலருக்கு இலக்கு 2 முதல் 3 வரை. சில வால்வுகளுக்கு 2.5 முதல் 3.5 வரை. உங்கள் இலக்கு என்ன என்பதைக் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். சிலருக்கு ஒரு நாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3 மில்லிகிராம் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் அந்தந்தத் தேதியில் அளவை எழுதி, விழுங்கியதும் கோடு போடுங்கள். மாலையில் ஒரே நேரத்தில் எடுப்பது வழக்கம்.

கீரையே தொடக் கூடாது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். முருங்கைக்கீரை, பாலக் போன்றவற்றிலுள்ள வைட்டமின் கே இந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் சிக்கல் கீரையில் இல்லை, ஒரு வாரம் தினமும் உண்டு மறு வாரம் அடியோடு விட்டுவிடுவதில் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் கீரை உண்பவர் அதே இரண்டு நாளைத் தொடரட்டும். அதற்கேற்ப மருந்தின் அளவு அமைந்துவிடும்.

மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள் ஐ.என்.ஆர். அளவைச் சட்டென்று ஏற்றிவிடும். காய்ச்சலுக்கு எந்த மருத்துவரிடம் போனாலும், உட்காரும்போதே "நான் அசிட்ரோம் எடுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். "ஒரு ஊசி போட்டுவிடுங்கள்" என்று கேட்கும் பழக்கத்தையும் இவர்கள் கைவிட வேண்டும். இடுப்பில் போடும் ஊசியால் சதைக்குள் இரத்தம் கட்டிக்கொள்ளும். வாதக் காய்ச்சலால் (தொண்டைத் தொற்றுக்குப் பின் வந்து இதயத்தைத் தாக்கும் காய்ச்சல்) வால்வு கெட்டவர்களுக்கு 21 நாட்களுக்கு ஒருமுறை போடப்படும் பென்சிலின் ஊசி வேறு; அதை எப்படிப் போட்டுக்கொள்வது என்று இதய மருத்துவர் சொன்னபடி தொடருங்கள்.

வாதக் காய்ச்சல் இளம் வயதிலேயே வால்வைக் கெடுப்பதால், இந்த மாத்திரை எடுப்பவர்களில் குழந்தை பெறும் வயதுப் பெண்களும் பலர். வார்ஃபரின், அசெனோகுமரால், ராமிபிரில், லோசார்டான் வகைகள், கொழுப்பு மாத்திரைகள் எல்லாமே கருவைப் பாதிக்கக்கூடியவை. ஆனால் கரு உண்டானது தெரிந்ததும் பயந்து நிறுத்திவிட்டால் தாயின் வால்வில் இரத்தம் உறைந்துவிடும். ஆகவே திருமணப் பேச்சு நடக்கும்போதே, குறைந்தது குழந்தைக்குத் திட்டமிடும் முன்பாவது, இதய மருத்துவரிடமும் மகப்பேறு மருத்துவரிடமும் சேர்த்துப் பேச வேண்டும். நாள் தள்ளிப்போனால் அந்த வாரமே போய்க் காட்ட வேண்டும். இதை மாமியார் வீட்டாரிடம் மறைக்க வேண்டிய குறையாக எந்தப் பெண்ணும் கருத வேண்டியதில்லை.

டிகாக்ஸின் எடுப்பவர்களுக்கும் அளவின் வரம்பு குறுகியதே. பசியின்மை, குமட்டல், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிதல் ஆகியவை அளவு கூடிவிட்டதன் அறிகுறிகள். வாரத்தில் சில நாள் மட்டும் என்று எழுதியிருந்தால் எந்தெந்த நாள் என்பதையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

வலி மாத்திரை வாங்கும் முன்

தறியில் உட்கார்ந்து முதுகு வலிப்பவர்களும், வெள்ளிப் பட்டறையில் குனிந்து கழுத்து வலிப்பவர்களும், எஸ்டேட்டில் ஏறி இறங்கி முழங்கால் வலிப்பவர்களும் நம் ஊரில் நிறைய. கடையில் "வலிக்கு ஏதாவது" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது டைக்லோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் ஆகியவற்றில் ஒன்று. இவை மூன்றும் உடலில் நீரைத் தேக்கும், அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆஸ்பிரினோடும் அசிட்ரோமோடும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கும். இதய நோயாளிக்கு வலியோ காய்ச்சலோ என்றால் முதலில் கேட்க வேண்டியது பாராசிட்டமால். அதையும் மருத்துவர் சொன்ன அளவுக்குள்தான்.

நெஞ்சு வலிக்கும்போது

ஐசோசார்பைடு டைநைட்ரேட் 5 மில்லிகிராம், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. உங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் எப்போதும் சட்டைப் பையிலோ முந்தானை முடிச்சிலோ அட்டையோடு இருக்கட்டும். வலி வந்தால் முதலில் உட்காருங்கள். நின்றபடி வைத்தால் அழுத்தம் தாழ்ந்து விழுந்துவிடலாம். விழுங்காமல் நாக்குக்கு அடியில் கரைய விடுங்கள். 5 நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். வண்டி வருவதற்குள் மருத்துவர் சொல்லியிருந்தபடி இரண்டாவதை வைக்கலாம். சில்டெனாஃபில் போன்ற ஆண்மைக் குறைவு மாத்திரையை 24 மணி நேரத்துக்குள்ளோ, டடாலாஃபில் மாத்திரையை 48 மணி நேரத்துக்குள்ளோ எடுத்திருந்தால் இதை வைக்கவே கூடாது. அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவு சரிந்துவிடும். வெட்கப்பட்டு இதை மறைக்காதீர்கள். பக்கத்து வீட்டாருக்கு நெஞ்சு வலி என்றால் உங்கள் மாத்திரையை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். அவருடைய அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கலாம்.

2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றும் சேர்த்து 14 மாத்திரைகள் முதல் வேளையாகக் கொடுக்கப்பட்டு, அதன்பின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். இந்தத் திட்டம் மலையில் வாழ்வோருக்கு மிகவும் உதவும் என்று நான் கருதுகிறேன். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்க வேண்டும். நாகலூர், செம்மநத்தம் போன்ற ஊர்களிலிருந்து ஏற்காட்டுக்கு வருவதற்கே நேரமாகும். ஆகவே இருசக்கர வாகனத்தில் நேராகச் சேலத்துக்கு இறங்க முயலாமல், 108-ஐ அழைத்துவிட்டு அருகிலுள்ள சுகாதார நிலையத்தை முதலில் அடையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல் வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி என்று மட்டும் மாரடைப்பு வரலாம்; வாயுக் கோளாறு என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம்.

மலையில் வைத்திருக்கும் மாத்திரை

ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் மழைக்காலத்து ஈரமும் மூடுபனியும் மாத்திரையைக் கெடுக்கும். அட்டையிலிருந்து பிரித்து வாரக் கணக்கில் டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். கீழே சேலத்தில் வெயில்தான் எதிரி. ஓட்டு வீட்டின் ஜன்னலோரமும், நிறுத்தி வைத்த காரும், அடுப்பு மேடையும் மாத்திரைக்கு உகந்த இடங்கள் அல்ல. குளிர் அதிகமான விடியற்காலையில் மேட்டில் நடந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கி நெஞ்சு வலி வரலாம் என்பதால், வெயில் ஏறிய பின் நடப்பது நல்லது. மலைக்கு இரண்டு நாள் தங்க வருபவர்கள் நான்கு நாளுக்கான மாத்திரையைக் கைப்பையிலேயே கொண்டுவாருங்கள். வளைவுகளில் வாந்தி வரும் என்று தெரிந்தவர்கள் புறப்படுவதற்கு நன்கு முன்னதாகவே மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்துவிட்டால் அசிட்ரோமையும் டிகாக்ஸினையும் கேட்காமல் மீண்டும் எடுக்காதீர்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால், தினம் ஒருமுறை எடுக்கும் மாத்திரையை அன்றே நினைவு வந்ததும் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட்டு வழக்கம்போல் தொடருங்கள். இரண்டாகச் சேர்த்து எடுக்கவே கூடாது. அசிட்ரோம் மறந்த நாளை நோட்டில் குறித்து, ஐ.என்.ஆர். பார்க்கும்போது சொல்லுங்கள்.

மறுபரிசோதனைக்குப் போகும்போது

ராமிபிரில் வகையோ ஸ்பைரோனோலாக்டோனோ தொடங்கினால், ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும்; கொழுப்புப் பரிசோதனை பெரும்பாலும் 4 முதல் 12 வாரத்துக்குள். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். போகும்போது சீட்டை மட்டும் கொண்டுபோகாமல், வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணம், லேகியம் உட்பட, ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எடை எழுதிய நோட்டும், அழுத்தம் எழுதிய தாளும் உடன் இருக்கட்டும். அறைக்குள் போனதும் மறந்துவிடும் என்பதால் கேள்விகளை முந்தைய இரவே எழுதுங்கள்: எது மாறியிருக்கிறது, எது நிறுத்தப்பட்டிருக்கிறது, எது வாழ்நாள் முழுவதும் தொடரும், அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும். நிறுத்தச் சொன்ன மாத்திரையின் அட்டையை வீட்டில் வைத்திருக்காமல் அன்றே அகற்றிவிடுங்கள். தொடர வேண்டியவை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள். அரசு மருத்துவமனையில் மாதாமாதம் வாங்குபவர்கள், விடுமுறை நாட்களைப் பார்த்துத் தேதியை முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள்.